கொசு பேட்டைச் சோதித்தலும் செப்பனிடுதலும்

நம் வாழப்பாடி வட்டாரத்தில் மழை தொடங்கிவிட்டால், பாக்குத் தோப்புகளில் உதிர்ந்து கிடக்கும் மட்டைகளில் நீர் தேங்கிக் கொசு பெருகுவது யாவரும் அறிந்ததே. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவோ பகலிலேயே கடிப்பது. குழித்தறியில் அமர்ந்து நெய்வோர் படும் தொல்லை சொல்லத் தரமன்று. கைகள் நாடாவை ஓட்டிக்கொண்டிருக்க, குழியின் இருளில் மிதிமேல் இருக்கும் கால்கள் கொசுவுக்கு இரையாகின்றன. ஆகவே, சார்ஜ் ஏற்றி உபயோகிக்கும் கொசு பேட் இன்று அங்கத்தினர் பலருடைய இல்லங்களில் இடம்பெற்றுவிட்டது.

சில மாதங்களுக்கு முன் ஒரு சங்கத்தின் கணக்குகளை ஆய்வு செய்யச் சென்றிருந்தேன். நெசவாளர் அங்கத்தினர் ஒருவர், சுவரில் செருகிச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பேட்டின் பிடியைக் கழற்றி, ஈரத்தரையில் நின்றபடி உள்ளே விரலை விட்டுக்கொண்டிருந்தார். நான் பதறியதைக் கண்டு, "உள்ளே இருக்கிறது நாலு வோல்ட் பேட்டரிதானுங்க சார், அது என்ன பண்ணிடும்?" என்றார். பிளக்கைப் பிடுங்கிய பிறகே அவருக்கு விடை கூறினேன். அந்த விடையை எல்லா அங்கத்தினர்களும் அறிய வேண்டுமென்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேட் வேலை செய்யும் விதம்

பேட்டின் பிடிக்குள் 4 வோல்ட் ஈய-அமில பேட்டரியோ, 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரியோ இருக்கும். பொத்தானை அழுத்தியதும், ஒரு சிறு சுற்று அந்த மின்னழுத்தத்தைச் சுமார் 1,500 முதல் 3,000 வோல்ட் வரை உயர்த்தி, ஒரு மின்தேக்கியில் சேர்க்கிறது. பெரும்பாலான பேட்டுகளில் கம்பி வலை மூன்று அடுக்காக இருக்கும். நடு வலை ஒரு முனை. வெளி வலைகள் இரண்டும் மறு முனை. இடையில் கொசு புகுந்தால் மின்சாரம் அதன் உடல் வழியே பாய்ந்து பொறி எழுகிறது.

அபாயம் எங்கே உள்ளது?

வலையைக் கண்டு நாம் அஞ்சுகிறோம். பிளக்கைக் கண்டு அஞ்சுவதில்லை. உண்மை இதற்கு நேர்மாறானது. மாடியிலிருந்து தலையில் கவிழும் ஒரு செம்பு நீர் உறைக்கும். ஆளை அடித்துச் செல்லாது. வலையின் மின்சாரம் அத்தகையது. அழுத்தம் அதிகம், அளவு சிறிது. எனினும் குழந்தைகளும் இருதய நோயாளிகளும் அதைத் தொடலாகாது. வாய்க்கால் வெள்ளமோ தாழ்வாக ஓடினும் வற்றாது வருவது. வீட்டு மின்சாரமாகிய 230 வோல்ட் அதைப் போன்றது.

மலிவான பேட்டுகளில் இந்த 230 வோல்ட்டை இறக்குவதற்கு டிரான்ஸ்பார்மர் கிடையாது. ஒரு மின்தேக்கியும் நான்கு டயோடுகளுமே உண்டு. ஆகவே, பிளக் சுவரில் இருக்கும்வரை பேட்டரி, கம்பிகள், வலை ஆகிய எல்லாமே வீட்டு மின்சாரத்தோடு தொடர்புடையவை. அந்நிலையில் நாலு வோல்ட் பேட்டரியைத் தொடுவது, மின்கம்பியையே தொடுவதற்கு ஒப்பாகும்.

திறக்கும் முன்

1. பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துக் கண்ணெதிரே வைத்துக்கொள்க. சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது.

2. உள்ளிருக்கும் மின்தேக்கியில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கக்கூடும். ஆகவே பிளக்கின் முனைகளைக் கையால் தொடாமல், காப்பிட்ட பிடியுள்ள திருப்புளியால் இரண்டையும் ஒருசேரத் தொடுக.

3. பேட்டின் பொத்தானை விட்டுவிட்டு, அதே திருப்புளியால் நடு வலையையும் வெளி வலையையும் சேர்த்துத் தொடுக. பொறி எழுந்து அடங்கும். பொறி எழுவது நிற்கும்வரை மீண்டும் தொடுக.

4. பிடியைத் திறந்ததும், முதல் வேலையாகப் பேட்டரியின் ஒரு கம்பியை விடுவிக்க.

சோதனையும் செப்பமும்

முதலில் வலையைப் பார்வையிடுக. வளைந்த கம்பி ஒன்றையொன்று தொட்டாலும், செத்த பூச்சியோ பஞ்சுப் பிசிரோ இடையில் சிக்கினாலும் பேட் வேலை செய்யாது. உலர்ந்த தூரிகையால் துடைத்தால் போதும், தண்ணீர் கூடாது.

அடுத்தது பேட்டரி. மல்டிமீட்டரை 20 வோல்ட் நேர்மின் அளவில் வைத்துப் பார்க்க. சார்ஜ் ஏற்றிச் சற்று நேரம் ஓய்ந்த ஈய-அமில பேட்டரி 4 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். பிளக் வெளியே இருக்க, விடுவித்த கம்பியை மீண்டும் இணைத்து, வலையைத் தொடாமல் பொத்தானை அழுத்திப் பார்க்கையில் அளவு வெகுவாகச் சரிந்தால் பேட்டரி செத்துவிட்டது. பல மாதம் சார்ஜ் ஏற்றாமல் போட்டுவைப்பதே அதற்குப் பெரும்பாலும் காரணம். இச்சோதனைக்குப் பின் 3, 4 ஆகிய படிகளை மறுபடியும் செய்க.

பேட்டரி நன்றாயிருந்தும் பேட் இயங்காவிடில், விட்டுப்போன கம்பியும் அழுக்கடைந்த சுவிட்சுமே பெரும்பாலும் காரணமாகும். கம்பியை ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம். சார்ஜே ஏறவில்லையெனில், பழுது 230 வோல்ட் பகுதியில் உள்ளது. அதைப் பயிற்சி பெற்றவரிடம் விடுவதே விவேகம்.

செய்யத் தகாதவை

வலையின் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் அளக்க முற்படாதீர். அது 600 அல்லது 1,000 வோல்ட்டுக்கு மேல் தாங்குவதற்கன்று.

ஈய-அமில பேட்டரி இருந்த இடத்தில் லித்தியம் பேட்டரியைப் பொருத்தாதீர். பழைய சார்ஜ் சுற்று அதற்கு நிறுத்தம் அறியாது. மிகுதியாக ஏறித் தீப்பிடிக்கும்.

எரிவாயு மணக்கும் சமையலறையிலும், தெளிப்பான் மருந்து அடித்த அறையிலும், பஞ்சுப் பிசிர் படிந்த தறியருகிலும் பேட்டை வீசாதீர். 2020 செப்டம்பரில் பிரான்சு நாட்டுச் சிற்றூர் ஒன்றில், எரிவாயு கசிந்திருந்ததை அறியாத முதியவர் ஒருவர் ஈயை அடிக்க இத்தகைய பேட்டை வீசினார். பொறி பற்றி வெடித்துச் சமையலறை சிதைந்தது. அவர் உயிர் தப்பியது அதிர்ஷ்டமே.

பழைய பேட்டரியைக் குப்பையிலோ கிணற்றருகிலோ எறியாதீர். ஈயம் நிலத்துக்கும் நீருக்கும் நஞ்சு. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் அதைத் தனியே சேகரித்து ஒப்படைக்கவே கூறுகின்றன.

சங்கம் செய்யக்கூடியது

ஒரு மல்டிமீட்டர், ஒரு பற்றவைப்புக் கோல், காப்பிட்ட திருப்புளிகள் ஆகியவற்றைத் தனித்தனியே வாங்குவது வீண் செலவு. சங்கத்தில் ஒரு தொகுப்பு இருந்து, ஐ.டி.ஐ. பயின்ற அங்கத்தினர் வீட்டுப் பிள்ளை ஒருவர் மாதம் ஒரு நாள் அமர்ந்தால், ஊரார் பேட்டுகள் அனைத்தும் குறைந்த செலவில் சீராகும். பேட்டரி மாற்றிய தேதியைப் பிடிக்குள் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டுக. புதிதாக வாங்குவோர், கைபேசி சார்ஜரால் யு.எஸ்.பி. வழியே ஏற்றும் வகையைத் தேர்ந்தெடுத்தால், தரமான சார்ஜர் வீட்டு மின்சாரத்தைப் பேட்டிலிருந்து பிரித்துவைக்கும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவு மின் தடுப்பானைப் பொருத்துவது எல்லோருக்கும் நன்று.

நான் மேலே குறிப்பிட்ட அங்கத்தினரின் பேட்டில் இருந்த பழுது, விட்டுப்போன ஒரு கம்பியே. ஐந்து நிமிட வேலை. பிளக்கை எடுப்பதற்கோ ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியைச் சிக்கனம் செய்யாதிருப்போமாக.