ஓட்டுக்கு முன்னே நிற்கும் வாசற்படி



தலைவரைத் தேர்ந்தெடுப்பது ஓட்டு. போட்டிக்கு யார் வரலாம் என்பதைத் தீர்ப்பதோ விதி. நம் ஜோகூர் பாருவில் 1946-ஆம் ஆண்டு பிறந்த அம்னோ கட்சியின் வரலாறு இதற்குத் தக்க பாடமாகும்.

1987-இல் கட்சித் தலைவர் டாக்டர் மகாதீரை எதிர்த்துத் துங்கு ரசாலி போட்டியிட்டார். பேராளர்களின் ஓட்டு 761-க்கு 718. வித்தியாசம் வெறும் 43. மறு ஆண்டு, பதிவு பெறாத கிளைகள் இருந்தமையால் கட்சி சட்டவிரோதமானது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புதிதாக அமைந்த அம்னோவில், தலைவர் பதவிக்கு ஒரு தொகுதி முன்மொழிந்தவருக்குப் பத்து ஓட்டுகள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டன. நாளடைவில், 30 விழுக்காடு தொகுதிகளின் முன்மொழிவு இல்லாதவர் போட்டியிடவே இயலாது என்றாயிற்று.

வெளியேறித் தனிக்கட்சி கண்ட துங்கு ரசாலி 1996-இல் திரும்பினார். 2004-இல் மீண்டும் தலைவர் பதவியை நாடினார். தேவைப்பட்டவை 191-இல் 58. கிடைத்ததோ அவருடைய குவா மூசாங் ஒன்றே. ஓட்டெடுப்பு வரை அவர் செல்லவேயில்லை.

2009-இல் அந்தத் தடை நீங்கியது. தொகுதிக்கு ஓர் ஓட்டு என்றாகியது. 2018-இல் அவரும் களமிறங்கினார். வென்றவர் ஸாஹிட் ஹமிடி. விதி கதவைத் திறக்கும், வெற்றியைத் தராது.

செடெனாக் அன்பர்களே! எந்தச் சங்கத்தின் தேர்தலாயினும், முன்மொழிபவர் யார், எத்தனை பேர் வேண்டும், ஓட்டு யாருக்கு உண்டு என்பதை முதலில் வாசியுங்கள். தேர்தல் நாளன்று வாசிப்பது காலம் கடந்த வாசிப்பாகும்.