கடைசி விசில்வரை

தொடக்கக்கல்லூரிகளுக்கு இடையிலான காற்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம் அன்று மாலை ஜாலான் புசார் விளையாட்டரங்கத்தில் நடைபெறவிருந்தது. என் அண்ணன் தம் கல்லூரி அணியில் விளையாடினார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை இருந்ததால், தாத்தாவும் நானும் புறப்பட்டோம்.

தாத்தா தேக்கா ஈரச்சந்தையில் பல ஆண்டுகள் காய்கறிக் கடை வைத்திருந்தவர். "பேருந்தில் போகலாமா, தாத்தா?" என்று கேட்டேன்.

"ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள் நடந்துதான் போகவேண்டும், அம்மா. அப்போதுதான் கூட்டத்தோடு கூட்டமாகச் சேரமுடியும்" என்றார்.

சிராங்கூன் சாலையில் நடந்தோம். வீரமாகாளியம்மன் கோயிலைத் தாண்டி, அங்குலியா பள்ளிவாசலைக் கடந்து, கிச்சனர் சாலையில் திரும்பினோம். வழியில் தாத்தா ஃபேரர் பார்க் இருக்கும் பக்கம் கைகாட்டினார். "அங்கே ஒரு காலத்தில் குதிரைப் பந்தயம் நடந்தது. 1933இல் பந்தயத்திடல் புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டது. அதன்பிறகு அந்த இடம் விளையாட்டுத் திடலாகிவிட்டது. நான் பள்ளியில் படித்தபோது, தேசிய அணி அங்கே பயிற்சி செய்வதைக் கம்பிவேலி ஓரமாக நின்று பார்ப்பேன். காசு கொடுக்காமல் பார்த்த ஆட்டங்கள் அவை!" என்று சிரித்தார்.

ஜாலான் புசார் விளையாட்டரங்கம் 1929ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் திறக்கப்பட்டது. காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் வருவதற்கு முன்பு, முக்கியமான காற்பந்து ஆட்டங்கள் இங்குதான் நடந்தன. பின்னர் இது புதுப்பித்துக் கட்டப்பட்டு 2003இல் மீண்டும் திறக்கப்பட்டது. சுமார் 6,000 பேர் அமரக்கூடிய அரங்கம் இது. தேக்காவிலிருந்து இருபது நிமிடத்தில் நடந்து போய்விடலாம்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது, பார்வையாளர் பகுதி இரண்டு வண்ணங்களாகப் பிரிந்திருந்தது. ஒரு பக்கம் அண்ணனுடைய கல்லூரியின் நீலம். மறுபக்கம் எதிரணியின் சிவப்பு. மேளங்கள் அதிர்ந்தன. ஒரு மாணவர் ஒலிபெருக்கியில் முதல் அடியைச் சொல்ல, நூற்றுக்கணக்கானோர் அடுத்த அடியைச் சேர்ந்து முழங்கினர். எனக்கு உடல் சிலிர்த்தது.

"இதுவே உனக்குப் பெரிய சத்தமா? காலாங் முழக்கத்தை நீ கேட்டிருக்கவேண்டும்" என்றார் தாத்தா.

1973ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய தேசிய விளையாட்டரங்கத்தில் 55,000 பேர் அமரலாம். மலேசியக் கிண்ண ஆட்டம் நடக்கும் நாள்களில் அது நிரம்பி வழியும். அத்தனை பேரும் ஒரே குரலில் எழுப்பிய ஆரவாரத்துக்குத்தான் 'காலாங் முழக்கம்' என்று பெயர். அந்தக் காலத்தில் சமது அல்லாபிச்சை அணித்தலைவராக இருந்தார். எஸ். ராஜகோபால் வளைத்து அடிக்கும் பந்தைப் பார்க்கவே மக்கள் திரண்டனர். 1977இல் கோலாலம்பூரில் நடந்த இறுதி ஆட்டத்தில் சிங்கப்பூர் அணி, கூடுதல் நேரத்தில் பினாங்கு அணியை 3-2 என்ற கோல் கணக்கில் வென்றது. குவா கிம் சோங் வெற்றிக் கோலை அடித்தார். 12 ஆண்டுகளுக்குப் பிறகு கிண்ணம் சிங்கப்பூருக்குத் திரும்பியது.

"காலாங்கில் மரப்பலகை இருக்கைகள்தாம். எனக்கு இந்தப் பக்கம் ஒரு மலாய்க்காரர், அந்தப் பக்கம் ஒரு சீனர். பெயர்கூடத் தெரியாது. கோல் விழுந்தால் மூவரும் கட்டிப்பிடித்துக்கொள்வோம்" என்று தாத்தா சொல்லிக்கொண்டிருந்தபோதே நடுவர் விசில் ஊதினார். ஆட்டம் தொடங்கியது.

முற்பாதியில் சிவப்பு அணி ஒரு கோல் அடித்தது. இடைவேளைக்குச் சற்று முன்பு நீல அணி அதைச் சமன்செய்தது. நான் துள்ளிக் குதித்தேன். பிற்பாதியில் சிவப்பு அணி மீண்டும் ஒரு கோல் போட்டது. எங்கள் பக்கத்தில் சிலருக்குக் கோபம் வந்துவிட்டது. பின்வரிசையில் இருந்த ஒருவர் எதிரணிக் கோல்காவலரின் உருவத்தைக் கேலி செய்து கத்தினார். சிலர் சிரித்தனர்.

தாத்தா திரும்பிப் பார்த்தார். "தம்பி, நாங்களும் கத்தியிருக்கிறோம். நடுவர் தவறு செய்தால், 'ரெஃபரி காயு' என்று அரங்கமே கத்தும். மலாயில் காயு என்றால் மரக்கட்டை. அதுவே மரியாதை இல்லைதான். ஆனால், உன் வயதுப் பிள்ளையின் உருவத்தைக் கேலி செய்தால் உன் அணிக்கு ஒரு கோல் கிடைக்குமா? அந்த மூச்சை நம் பிள்ளைகளுக்குக் கொடு" என்றார். அந்த மாணவர் தலையைக் குனிந்துகொண்டார். சிறிது நேரத்தில் மேளத்தின் அருகே போய் நின்று, மற்றவர்களோடு சேர்ந்து முழங்கத் தொடங்கினார்.

ஆட்டம் முடியப் பத்து நிமிடங்களே இருந்தபோது நீல அணிக்குப் பெனால்டி வாய்ப்புக் கிடைத்தது. பந்தை எடுத்து வைத்தவர் என் அண்ணன்! அரங்கம் அமைதியானது. நான் தாத்தாவின் கையை இறுகப் பிடித்தேன். அண்ணன் ஓடிவந்து அடித்தார். பந்து கம்பத்தில் பட்டு வெளியே தெறித்தது.

அண்ணன் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அடுத்த மூன்றாவது நிமிடத்தில் சிவப்பு அணி இன்னொரு கோல் அடித்தது. 3-1.

எங்கள் பக்கத்தில் பலர் பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தனர். எனக்கும் அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. அண்ணனைப் பார்க்கும் துணிவு எனக்கு இல்லை. "போகலாம், தாத்தா" என்று எழுந்தேன்.

"உட்கார், அம்மா. இன்னும் விசில் ஊதவில்லை."

"இனிமேல் ஜெயிக்கமுடியாதே, தாத்தா!"

"முடியாதுதான். ஆனாலும் உட்கார்."

அவர் குரலில் ஏதோ ஒன்று இருந்தது. நான் உட்கார்ந்தேன். தாத்தா கைகளைத் தட்டத் தொடங்கினார். எழுபது வயதைத் தாண்டியவர் தனியாகக் கைதட்டுவதைப் பார்த்து, மேளம் வைத்திருந்த மாணவர் மீண்டும் அடிக்க ஆரம்பித்தார். நானும் கத்தினேன். எஞ்சியிருந்தவர்கள் எல்லாரும் கத்தினோம். சற்று முன்பு இருந்த கூட்டத்தில் பாதிகூட இல்லை. ஆனாலும் கடைசி விசில்வரை எங்கள் சத்தம் ஓயவில்லை.

ஆட்டம் முடிந்ததும் நீல அணியினர் எங்கள் பகுதிக்கு முன்னால் வந்து வரிசையாக நின்று, ரசிகர்களுக்குத் தலைவணங்கினர். அண்ணன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். கைதட்டல் கேட்டு மெதுவாக நிமிர்ந்தார். எங்களைக் கண்டதும் அவர் கண்கள் கலங்கின.

நாங்கள் மீண்டும் தேக்காவுக்கு நடந்தோம். உணவங்காடி நிலையத்தில் தாத்தா எனக்கு மைலோவும் தமக்குக் காப்பியும் வாங்கினார். "ஏன் தாத்தா, என்னைப் போகவிடவில்லை?" என்று கேட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. காப்பியை ஆற்றிக்கொண்டே பேசினார்.

"1992ஆம் ஆண்டு நம் அணி மோசமாக விளையாடியது. தோற்றுத் தோற்று, கடைசியில் மலேசிய லீக்கின் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. இனிமேல் காலாங் பக்கமே போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பக்கத்துக் கடையில் மீன் விற்ற சீன நண்பர் ஒருவர் இருந்தார். அடுத்த ஆண்டு இரண்டாம் பிரிவு ஆட்டங்களுக்கும் அவர் தவறாமல் போனார். ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிட்டார். நான் போகவில்லை.

"1993இல் ஃபாண்டி அகமது, வி. சுந்தரமூர்த்தி போன்றவர்கள் விளையாடி அணியை மீண்டும் மேலே கொண்டுவந்தார்கள். மலேசியக் கிண்ண இறுதி ஆட்டம்வரை போனார்கள். ஆனால் கெடாவிடம் தோற்றுவிட்டார்கள். நண்பர் அன்றும் அணியை விட்டுக்கொடுத்துப் பேசவில்லை. 1994 டிசம்பர் 17ஆம் தேதி ஷா ஆலமில் இறுதி ஆட்டம். ஆயிரக்கணக்கான சிங்கப்பூரர்கள் எல்லை தாண்டிப் போனார்கள். அவரும் பேருந்தில் போனார். நான் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தேன். பகாங்கை 4-0 என்று வென்றோம். அப்பாஸ் சாத் மட்டும் மூன்று கோல்கள் அடித்தார்.

"மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சந்தையில் நல்ல கூட்டம். நண்பர் தூங்காமல் நேராகக் கடைக்கு வந்திருந்தார். அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒரு வார்த்தைகூட வரவில்லை. மீன் விலையை விரல்களால் காட்டி வியாபாரம் செய்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. எல்லாரும் அவர் கையைக் குலுக்கினார்கள். நானும் குலுக்கினேன். நம் நாடு வென்றதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால், அது அவர் வீட்டுக் கல்யாணம் போலவும் நான் சாப்பிட வந்த விருந்தாளி போலவும் எனக்குத் தோன்றியது. என் குரல் நன்றாகத்தான் இருந்தது, அம்மா. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது."

அடுத்த ஆண்டே சிங்கப்பூர், மலேசியப் போட்டிகளிலிருந்து விலகிக்கொண்டது. தாத்தாவுக்கு அந்த வாய்ப்பு மீண்டும் கிடைக்கவில்லை. பழைய விளையாட்டரங்கமும் 2007இல் மூடப்பட்டது; பின்னர் இடிக்கப்பட்டது. அதே இடத்தில், 2014இல், திறந்து மூடக்கூடிய கூரையுடன் புதிய தேசிய விளையாட்டரங்கம் எழுந்தது. பழைய அரங்கத்தின் மரப்பலகைகள் சில, நகரின் பொது இடங்களில் இருக்கைகளாக மறுவாழ்வு பெற்றன.

அன்று இரவு அண்ணன் தாமதமாக வீடு திரும்பினார். வெகுநேரம் பேசவில்லை. படுக்கப் போகும்முன் தாத்தாவின் அருகில் வந்து அமர்ந்தார். "பெனால்டியைத் தவறவிட்ட பிறகு, நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருந்தது, தாத்தா. எல்லாரும் போயிருப்பார்கள் என்று நினைத்தேன்" என்றார்.

"பாதிப் பேர் போய்விட்டார்கள்" என்றார் தாத்தா. "நீ மீதிப் பேரை நினைத்துக்கொள்."

மறுநாள் காலை எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. வகுப்பில் தமிழாசிரியர், "நேற்று உன் அண்ணனுடைய ஆட்டம் என்னவாயிற்று?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

ஒரு கையில் மூன்று விரல்களையும் மறுகையில் ஒரு விரலையும் உயர்த்திக் காட்டினேன். பிறகு, ஒரு விரல் இருந்த கையை நெஞ்சில் வைத்தேன். ஆசிரியருக்குப் புரிந்துவிட்டது.

"தோற்றுவிட்டீர்களா? பிறகு ஏன் சிரிக்கிறாய்?" என்றார்.