வியாழனும் சனியும் ஓரிராசியில்
சாதகத்தில் கிரகச் சேர்க்கையை நோக்கும் முறை

ஆலயங்களில் நவக்கிரக சந்நிதியை வலம்வரும் அடியார்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். நடுவே சூரியன் வீற்றிருக்க, ஏனைய எண்மரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராது வெவ்வேறு திக்கை நோக்கி நிற்பர். சாதகக் கட்டத்தில் அப்படியில்லை. அங்கே இரண்டு மூன்று கிரகங்கள் ஒரே வீட்டில் கூடி நிற்பதுண்டு. இதனையே சோதிட நூல்கள் சேர்க்கை என்று கூறும்.

இந்தச் சொல் இன்று பல வீடுகளில் கலக்கத்தை உண்டாக்கியிருக்கிறது. கலியாணம் பேசப்படும் பிள்ளையின் குறிப்பை வாங்கிப் பார்த்தவர், "வியாழனோடு சனி நிற்குது, அதுவும் நீசச் சனி" என்று ஒரே வார்த்தையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். பெற்றோரோ பிள்ளைக்கு ஏதோ பெருங்குறை இருப்பதாக எண்ணி அடுத்த இடத்தில் குறிப்பைக் கொடுக்கவே தயங்குகின்றனர். இச்சேர்க்கை எத்தகையது என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது பயனுடையது.

வியாழன் ஓர் இராசியில் ஏறத்தாழ ஓராண்டும், சனி இரண்டரை ஆண்டும் சஞ்சரிப்பர். இதனால் சுமார் இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வியாழன் சனியை எட்டிப் பிடிப்பார். 1961இல் மகரத்திலும், 1981இல் கன்னியிலும், 2000ஆம் ஆண்டு மே மாதம் மேடத்திலும், 2020 டிசெம்பரில் மீண்டும் மகரத்திலும் இவ்விருவரும் கூடினர். மேடம் சனிக்கு நீச வீடு. திருக்கணித முறைப்படி 1999 மே மாத இறுதி தொடக்கம் 2000 யூன் முதல் நாட்கள் வரை இருவரும் மேடத்திலேயே நின்றனர். அந்த ஓராண்டில் பிறந்த அத்தனை பிள்ளைகளின் சாதகத்திலும் இச்சேர்க்கை உண்டு. குறிப்பைத் திருப்பிக் கொடுத்தவர் வீட்டுப் பிள்ளையும் அதே ஆண்டில் பிறந்திருந்தால் அதன் கட்டத்திலும் இதே இருவரும் இதே வீட்டில்தான் இருப்பர்! அத்தனை பேருக்கும் பலன் ஒன்றாக இருக்க முடியுமா?

அந்த மே மாதம் 5ஆம் திகதியை அண்டி சூரியன், சந்திரன், புதன், சுக்கிரன் ஆகியோரும் மேடத்தில் வந்து சேர, ஆறு கிரகம் கூடியதால் உலகம் அழியப்போகிறது என்றும் பேசப்பட்டது. அந்நாள் வந்து போயிற்று.

இயல்பாக வியாழனும் சனியும் பகைவர் அல்லர், ஒருவருக்கொருவர் சமமானவர்கள். ஒரே இராசியில் நிற்கும்போது மட்டும் தற்காலிகப் பகை என்பது விதி. அடுத்து நோக்க வேண்டியது பாகை. கட்டத்தில் ஒரே பெட்டிக்குள் எழுதப்பட்டிருந்தாலும், 1999 யூனில் பிறந்த பிள்ளைக்கு இருவருக்கும் இடையே பதினைந்து பாகை அளவு தூரம் இருந்தது. 2000 மே 28ஐ ஒட்டிப் பிறந்த பிள்ளைக்கு ஒரு பாகைகூட இல்லை. இரண்டையும் ஒரே சேர்க்கை என்று வாசிப்பது பொருந்தாது. சனியின் நீசம் மேடத்து இருபதாம் பாகையில் மிகக் கடுமை என்பர். மேட அதிபதியான செவ்வாய் இலக்கினத்துக்கோ சந்திரனுக்கோ கேந்திரத்தில் நின்றால் அந்த நீசமும் பங்கமாகும். இவற்றைப் பாராமல் "நீசச் சனி" என்று முடிப்பது பாதி வாசிப்பேயாகும்.

எல்லாவற்றுக்கும் மேலானது இலக்கினம். சிங்க இலக்கினத்தாருக்கு மேடம் ஒன்பதாம் வீடு. ஐந்துக்குடைய வியாழனும் ஏழுக்குடைய சனியும் பாக்கியத்தானத்தில் கூடுவதால், சனி நீசமாயினும் வியாழன் அவரைத் தாங்குவதாகக் கொள்வர். அடுத்த இலக்கினமாகிய கன்னிக்கோ அதே மேடம் எட்டாம் வீடாகிவிடும். அங்கே ஏழுக்குடையவர் வியாழன். அவர் எட்டில் மறைந்து சனியோடு கூடுவதால் திருமணம் தாமதிக்கும் என்று கூறுவர். ஒரே நாளில் இரண்டு மணித்தியால இடைவெளியில் பிறந்த இருவருக்குப் பலன் இப்படி மாறுகிறது.

இங்கேதான் நம் நாட்டுப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. 1996இல் இலங்கையின் நியம நேரம் மாற்றப்பட்டது. முதலில் ஒரு மணித்தியாலம் முன்தள்ளிப் பின் அரை மணித்தியாலமாகக் குறைத்தனர். 2006 ஏப்ரலிலேயே பழைய நேரம் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் வன்னியில் பழைய நேரமே வழக்கில் இருந்தது. எனவே 1999, 2000ஆம் ஆண்டுப் பிள்ளையின் குறிப்பில் "மாலை 6.10" என்று இருந்தால் அது எந்த நேரம்? புதிய நேரத்தைப் பழைய நேரமாகக் கொண்டு கணித்தால் இலக்கினம் அரை மணித்தியாலம் பிந்திவிடும். சிங்கத்தின் கடைசிப் பாகைகளில் பிறந்த பிள்ளை கன்னி இலக்கினம் ஆகிவிடும். ஒன்பதில் நின்ற சேர்க்கை எட்டுக்குப் போய்விடும். பிள்ளையில் இல்லாத குறை கடதாசியில் ஏறிவிடும்.

பஞ்சாங்கங்களும் ஒத்துப்போவதில்லை. 2020 டிசெம்பர் 21ஆம் திகதி மாலை மேற்கு வானில் வியாழனும் சனியும் ஏறக்குறைய ஒட்டினாற்போல் தெரிந்ததைப் பலர் கண்ணால் கண்டனர். திருக்கணிதப்படி இருவரும் மகரத்தில். வாக்கியப்படியோ சனி அன்று தனுசிலேயே நின்றார். திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி நிகழ்ந்தது 27ஆம் திகதி. கண்ணுக்கு ஒன்றாய்த் தெரிந்தவர்கள் கட்டத்தில் இரண்டு வீட்டில் இருந்தனர். ஆகவே இரு வீட்டாரும் பொருத்தம் பார்க்கும்போது ஒருவர் குறிப்பு வாக்கியத்திலும் மற்றவர் குறிப்பு திருக்கணிதத்திலும் இருந்தால், இரண்டையும் ஒரே முறையில் மறுபடி கணிப்பித்த பின்பே ஒப்பிடுதல் வேண்டும்.

வியாழனுக்குக் கடலை மாலையும் சனிக்கு எள்ளெண்ணெய் விளக்கும் பக்தியோடு செய்யத்தக்கவையே. ஆனால் அதற்கு முன் தாயிடமும் பேர்த்தியாரிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. பிள்ளை பிறந்தது எந்த ஊரில், இடம்பெயர்ந்திருந்த இடத்திலா, வைத்தியசாலையிலா, அங்கே மணிக்கூட்டில் பழைய நேரமா புதிய நேரமா, கோயிலில் சாயங்காலப் பூசை மணி கேட்டது பிள்ளை அழுவதற்கு முன்பா பின்பா என்று.