குடல் அழற்சி நோயும் ஒத்த உயிரியல் மருந்துகளும்

குரோன் நோயும் பெருங்குடல் புண் அழற்சியும் பெரும்பாலும் உழைக்கும் வயதினரையே பற்றி, ஆண்டுக்கணக்கில் நீடிப்பவை. சாதாரண மருந்துகளுக்குக் கட்டுப்படாதவர்களுக்கு இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் போன்ற உயிரியல் மருந்துகள் தரப்படுகின்றன. சித்தூர், திருப்பதி மாவட்டத்தினர் இச்சிகிச்சைக்குத் திருப்பதியிலுள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகம் போன்ற பெரிய மருத்துவமனையையோ, மாநில எல்லை கடந்து வேலூரையோ நாட வேண்டியுள்ளது.

செலவின் அளவை ஒரு கணக்கால் அறியலாம். இன்ஃப்ளிக்சிமாப் வழக்கமாக உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் நரம்பு வழியே ஏற்றப்படுகிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு தடவைக்கு 250 மில்லிகிராம். அதாவது 100 மில்லிகிராம் குப்பிகள் மூன்று. தொடக்கத்திலும், 2, 6ஆம் வாரங்களிலும், பின்னர் 8 வாரங்களுக்கு ஒருமுறையும் ஏற்றினால் முதல் ஆண்டில் 24 குப்பிகள் தேவைப்படும். பயணச் செலவும் இழந்த கூலியும் இதில் சேரவில்லை. பணமின்றி இடையில் நிறுத்தினால், உடலில் மருந்துக்கு எதிர்ப்பொருள் உருவாகி, மீண்டும் தொடங்கும்போது அது பயனற்றுப் போகவும் கூடும்.

எனவேதான் பயோசிமிலர் எனப்படும் ஒத்த உயிரியல் மருந்துகள் முக்கியத்துவம் பெறுகின்றன. உயிரணுக்களில் உருவாக்கப்படுவதால் இவை மூல மருந்தின் அச்சுப் பிரதி அல்ல. தரம், பாதுகாப்பு, பயன் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லையென நிறுவ வேண்டியவை. 2014 டிசம்பரில் சைடஸ் நிறுவனம் அடலிமுமாபின் ஒத்த மருந்தை, அமெரிக்காவில் மூல மருந்துக்கிருந்த விலையில் சுமார் ஐந்தில் ஒரு பங்குக்கு இந்தியாவில் வெளியிட்டது.

மூட்டு நோயாளிகளிடம் சோதித்த மருந்தைக் குடல் நோய்க்கு ஏற்கலாமா என்ற ஐயம் மருத்துவர்களிடையே நிலவியது; அது நியாயமானதே. நார்வே அரசின் நிதியுடன் 482 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், மூல இன்ஃப்ளிக்சிமாபைத் தொடர்ந்தோரில் 26.2 சதவீதத்தினருக்கும், ஒத்த மருந்துக்கு மாறியோரில் 29.6 சதவீதத்தினருக்கும் நோய் மோசமடைந்தது. இது முன்வகுத்த வரம்புக்குள் அடங்கிய வேறுபாடே. ஆயினும் குரோன் நோயாளிகளிடம் மட்டும் இடைவெளி கூடுதலாகத் தோன்றியது. அந்நோயாளிகள் 220 பேரிடம் தனியே நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், 6ஆம் வாரத்தில் ஒத்த மருந்து பெற்றோரில் 69.4 சதவீதத்தினரும், மூல மருந்து பெற்றோரில் 74.3 சதவீதத்தினரும் பயனடைந்தனர். ஒத்த மருந்து தாழ்ந்ததல்ல என்பதே முடிவு.

நம் நாட்டில் பெரிய ஆபத்து வேறிடத்தில் உள்ளது. மூல மருந்தாயினும் ஒத்த மருந்தாயினும், இவை உடலில் உறங்கும் காசநோயைத் தட்டியெழுப்பக்கூடும். குடல் காசநோயும் குரோன் நோயைப் போலவே தோற்றமளிப்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. மார்பு எக்ஸ்ரே, காசநோய்ச் சோதனை ஆகியவற்றுக்குரிய சிறு செலவை மிச்சப்படுத்துவது சிக்கனம் ஆகாது.

அடலிமுமாபை இரு வாரங்களுக்கு ஒருமுறை வீட்டிலேயே தோலடியில் செலுத்திக்கொள்ளலாம். ஆனால் அதை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். திருப்பதியில் வாங்கிப் பலமநேருக்குப் பேருந்தில் கொண்டுசெல்பவருக்குக் குளிர்ப்பெட்டியும் மருந்துச் செலவின் ஒரு பகுதியே.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் விற்பனைக்கு வந்தபின்னும் ஆய்வைக் கோருகின்றன. பக்க விளைவு நேர்ந்தால் எந்த நிறுவனத்தின் மருந்து எனக் கண்டறிய, மருந்தின் பொதுப்பெயர் மட்டும் போதாது. வணிகப்பெயரும் தொகுதி எண்ணும் நோயாளியின் சீட்டில் ஒவ்வொரு தடவையும் பதிவாக வேண்டும்.