டெல்லித் தூணைக் கட்டிப்பிடிக்கக் கிளம்புகிறவர்களுக்கு

கல்யாணமாகி டெல்லி, ஆக்ரா என்று புறப்படுகிற ஜோடி யாராக இருந்தாலும் சரி, வழியனுப்ப வந்த கூட்டத்தில் ஒரு மாமாவோ சித்தியோ இதைச் சொல்லாமல் விடுவதில்லை: "முதல் நாளே குதுப்மினாருக்குப் போயிடுங்க. அங்க ஒரு இரும்புத் தூண் இருக்கு. ஆயிரத்து அறுநூறு வருஷமா துருவே பிடிக்கல. அதுக்கு முதுகைக் காட்டி நின்னு, பின்பக்கமா ரெண்டு கையாலயும் கட்டிக் கை கோத்துட்டா, கடைசி வரைக்கும் பிரிவே வராது." வேலி போட்டிருக்கிறார்களே என்றால் அதற்கும் யோசனை தயார். காவலரிடம் நூறு ரூபாயை நீட்டினால் போதுமாம். அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் தூணின் படம் ஒன்றும் வந்து சேரும். இன்றைய விஞ்ஞானிகளாலும் விளக்க முடியாத ரகசிய உலோகம், பஞ்சலோகம், தங்கம் கலந்தது, நம் முன்னோர்கள் அன்றே... மிச்சம் உங்களுக்கே தெரியும்.

வேலை பார்த்த காலமெல்லாம் துருவோடு மல்லுக்கட்டியவன் நான். இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் ரத்த அழுத்தம் ஏறுகிறது. காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை, ஏனென்றால் இதைச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் இன்ஜினீயரிங் படித்தவர்கள்.

கட்டிப்பிடிக்கிற சமாச்சாரத்தை முதலில் முடித்துவிடுவோம். தூணின் விட்டம் கீழ்ப்பக்கத்தில் சுமார் 41 சென்டிமீட்டர். சுற்றளவு கிட்டத்தட்ட 1.3 மீட்டர். அதை முதுகுக்குப் பின்னால் வளைத்து விரல் கோர்ப்பது கை நீளத்தையும் தோள்மூட்டு எவ்வளவு வளைகிறது என்பதையும் பொறுத்தது. வாலிபால் ஆடுகிற ஆறடிப் பையனுக்கு எட்டிவிடும். ஐந்தடிப் பெண்ணுக்கு எட்டாது. குட்டையாகப் பிறந்தவர்களுக்கெல்லாம் பிரிவு என்று எழுதியிருக்கிறதா? இந்த விளையாட்டில் பெரும்பாலும் எட்டாமல் போவது மனைவிக்குத்தான். ஊர் திரும்பியதும் "அவளுக்கு எட்டலையே" என்று யாராவது ஒரு நாத்தனார் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பு எத்தனை வருஷத்துக்கு வீட்டில் சுற்றிவரும் என்பது பெண்களுக்குத் தெரியும்.

இனி பெரிய பொய்க்கு வருவோம். துருவே பிடிக்காத தூண் என்கிறார்களே, அது தலைகீழ். அந்தத் தூண் துருப்பிடித்ததால்தான் பிழைத்து நிற்கிறது.

சாதாரண இரும்பில் வருகிற துரு பொலபொலவென்று இருக்கும். ஈரத்தையும் காற்றையும் உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும், உதிரும், அடுத்த அடுக்கு அரிக்கும். டெல்லித் தூணின் இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். 1912இல் ராபர்ட் ஹாட்ஃபீல்டு சோதித்துப் பார்த்தபோது 99.72 சதவீதம் இரும்பு, 0.114 சதவீதம் பாஸ்பரஸ் என்று கண்டார். பிறகு வேறு பகுதிகளில் எடுத்த மாதிரிகளில் பாஸ்பரஸ் இதைவிடக் கூடுதலாகவே இருந்தது, சராசரி 0.25 சதவீதம் அளவுக்கு. தங்கமும் இல்லை, பஞ்சலோகமும் இல்லை. ஆரம்பத்தில் இந்த இரும்பும் எல்லா இரும்பையும் போலத் துருப்பிடிக்கத்தான் செய்தது. இரும்பு கரையக் கரைய, அதிலிருந்த பாஸ்பரஸ் உலோகத்துக்கும் துருவுக்கும் நடுவில் சேர்ந்து பாஸ்பேட்டாக மாறியது. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து, நனைந்து காய்ந்து, அந்தப் பாஸ்பேட் படிகமாக இறுகி, ஈரம் நுழையும் துளைகளை அடைத்துவிட்டது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் இருந்த பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் இதைப் படலம் படலமாக ஆராய்ந்து 2000ஆம் ஆண்டிலேயே அரிமானத் துறையின் முன்னணி ஆய்விதழில் வெளியிட்டுவிட்டார். விளக்க முடியாத ரகசியம் என்று ஃபார்வேர்டு செய்கிறவர்கள் கால் நூற்றாண்டு பின்தங்கியிருக்கிறார்கள்.

இத்தனை நூற்றாண்டில் வளர்ந்த அந்தப் படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். வந்தவர் போனவரெல்லாம் கட்டிப்பிடித்துத் தேய்த்தது அதைத்தான். வியர்வையில் உப்பு இருக்கிறது. எந்தப் பாதுகாப்புப் படலத்துக்கும் உப்பைப் போல எதிரி கிடையாது. தூணைச் சற்று எட்ட நின்று பாருங்கள். மனிதர்கள் கை வைக்கிற உயரத்தில் மட்டும் ஒரு பட்டை வெளிறிப் பளபளத்துத் தெரியும். அதற்கு மேலே ஆள் எட்டாத இடமெல்லாம் பழுப்பும் கருமையும் கலந்த நிறம். அந்தப் பளபளப்பைத் தெய்வீகம் என்று காட்டுகிற வீடியோகூட வந்தது. அது தோல் உரிந்த இடம். 1997இல் வேலி போட்டது இதனால்தான். காவலருக்கு நூறு ரூபாய் யோசனை சொல்கிற மாமாக்கள் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லட்டும்: பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். தேனிலவுக்குப் போனவர்களுக்குத் தேவையா இது?

மண்ணுக்கு மேலே நிற்கிற பாகத்தின் கதைதான் இதுவரை சொன்னது. கீழே புதைந்த பாகத்தை 1961இல் தோண்டிப் பார்த்தபோது, தடித்த துருவும் ஆழமான குழிகளுமாக இருந்தது. எப்போதும் ஈரத்திலேயே கிடந்தால், காய்ந்தால்தானே படலம் இறுகும்? தொல்லியல் துறை அடியைச் சுத்தம் செய்து, ஈயத்தகடு சுற்றி மறுபடி நட்டது. துருவே பிடிக்காத உலோகத்துக்கு ஈயக் கவசம் எதற்கு என்று ஃபார்வேர்டு அனுப்புகிறவர்களைக் கேளுங்கள். தூண் பாதாளம் வரை போய் நாகராஜன் தலையில் ஊன்றி நிற்கிறது என்ற பழங்கதையும் அங்கே உண்டு. மொத்த உயரம் ஏழு மீட்டருக்குச் சற்று மேல். அதில் மண்ணுக்குள் இருப்பது ஒரு மீட்டர் சொச்சம். நாகராஜனுக்கு அது எட்டாது.

"அன்று தெரிந்தது இன்று மறந்துபோச்சு" என்கிற பெருமூச்சுக்கும் இடமில்லை. பழங்கால உலையில் சுண்ணாம்புக்கல் போடவில்லை, அதனால் தாதுவிலிருந்த பாஸ்பரஸ் இரும்பிலேயே தங்கிவிட்டது. இன்றைய ஆலைகள் சுண்ணாம்பு போட்டு அதைக் கசடோடு வெளியேற்றுகின்றன. வேண்டுமென்றேதான். பாஸ்பரஸ் மிகுந்த இரும்பு குளிரில் அடி விழுந்தால் பட்டென்று உடையும், அதில் பாலம் கட்ட முடியாது. வேண்டிய இடத்தில் அளவோடு சேர்க்கவும் செய்கிறோம். பாஸ்பரஸ், செம்பு, குரோமியம் கலந்த கார்டென் எஃகு 1930களில் அமெரிக்காவில் வந்தது. தன் துருவையே போர்வையாக்கிக்கொள்ளும் அதே தந்திரம். பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் செய்த பழைய நீலப் பெட்டிகள் அந்த ரகத் தகட்டில் கட்டியவை. முன்னோர் ரகசியத்தைப் பற்றி ஃபோனில் படித்துக்கொண்டே பல குடும்பங்கள் டெல்லி போய்ச் சேர்ந்தது அந்தப் பெட்டிகளில்தான்.

வியக்க வேண்டியது வேறு. இந்தத் தூணை வார்ப்பில் ஊற்றவில்லை. அவ்வளவு இரும்பை உருக்கி ஊற்றும் உலை அன்று இங்கே இல்லை. இருபது முப்பது கிலோ இரும்புக் கட்டிகளாக எடுத்து, பழுக்கக் காய்ச்சி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து சம்மட்டியால் அடித்து ஒட்ட வைத்தார்கள். ஆறு டன்னுக்கு மேல் வரும் வரை! ஒரு கட்டி ஆறுவதற்குள் அடுத்தது தயாராக இருக்க வேண்டும். சூட்டில் சிவந்த அந்தக் கனத்தைப் புரட்ட எத்தனை பேர் வேண்டியிருந்திருக்கும். கல்வெட்டில் சந்திரன் என்ற மன்னன் பெயர் இருக்கிறது. அவன் இரண்டாம் சந்திரகுப்தன் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. கொல்லர் ஒருவர் பெயரும் இல்லை. நம்மூர் ஃபார்வேர்டுகளிலும் முன்னோர் என்றால் முனிவர்தான், சம்மட்டி பிடித்தவர் வருவதே இல்லை.

துரு என்று பேச்சு வந்துவிட்டதால் இதைச் சொல்லாமல் நகர மாட்டேன். டெல்லித் தூணைப் பார்த்து வாயைப் பிளக்கிற நாம், சொந்த வீட்டு மொட்டைமாடியைப் பார்ப்பதில்லை. பின்னால் இன்னொரு மாடி எடுக்கலாம் என்று நாலு மூலையிலும் கம்பியை நீட்டி விட்டுவைப்போம். மகள் கல்யாணம், மகன் படிப்பு என்று பத்து வருஷம் ஓடிவிடும். அதற்குள் அந்தக் கம்பியில் துணி காயப்போட்டு, ஈரம் சொட்டி, கடற்கரை ஊரென்றால் உப்புக்காற்றும் பட்டு, மேலே செதில் செதிலாக உரிந்து, தடிமன் குறைந்திருக்கும். அதன் மேல் மேஸ்திரி புதுக் கம்பியைக் கட்டிக் கான்கிரீட் போட்டுவிடுவார். துருவாக மாறிய இரும்பு முன்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். உள்ளிருந்து தள்ளித் தள்ளி, தூணில் நெட்டுக்குத்தாக வெடிப்பு விடும். கட்டி முடித்த உடனே கம்பிமேல் சிமெண்ட் பால் பூசி, சிமெண்ட் குறைவாகப் போட்ட கான்கிரீட்டால் மூடி வைத்தால் போதும், வேண்டும்போது உடைத்துக்கொள்ளலாம். ஒரு மூட்டை சிமெண்ட் செலவு. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இருக்கிறது. மண்டபம் கடற்கரையில் இரும்பை உப்புக்காற்றில் வைத்து அரிப்பை அளக்கிறார்கள். கம்பிக்குப் பூசுகிற பூச்சுகளைப் பற்றி அவர்கள் செய்த வேலை உலகத்துக்குத் தெரியும், நம்மூர் மேஸ்திரிக்குத் தெரியாது. ஊராட்சி அலுவலகத்தில் வரைபட அனுமதி கொடுக்கும்போதே, நீட்டிய கம்பியை மூட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? கேட்டுக்கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

சரி, டெல்லிக்கு வருவோம். முதல் நாள் பற்றி உலவுகிற மற்றதெல்லாம் சில்லறைச் சரக்கு.

குதுப்மினாரில் ஏறலாம், ஆள் தெரிந்தால் விடுவார்கள் என்பது பொய். 1981 டிசம்பர் 4ஆம் தேதி உள்ளே விளக்கு அணைந்து, இருட்டில் படிக்கட்டு நெரிசலில் 45 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். அதற்குப் பிறகு படி ஏற யாருக்கும் அனுமதியில்லை. கீழே நின்று 72.5 மீட்டரை அண்ணாந்து பாருங்கள், கழுத்து வலிக்கும் வரை பார்க்கலாம்.

இந்தியா கேட்டில் இருப்பது சுதந்திரப் போராட்ட வீரர்களின் பெயர் இல்லை. முதல் உலகப் போரிலும் ஆப்கன் போரிலும் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்காக இறந்தவர்களுக்கு எழுப்பி 1931இல் திறந்தது அது. 13,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறித்திருக்கின்றன. அமர் ஜவான் ஜோதியை அங்கே தேடி நிற்காதீர்கள், 2022 ஜனவரியில் பக்கத்துத் தேசியப் போர் நினைவிடத்துச் சுடரோடு சேர்த்துவிட்டார்கள்.

"செங்கோட்டை இன்னிக்கு லீவு சார், வேற இடம் காட்டறேன்" என்று ஆட்டோக்காரர் தமிழிலேயே சொன்னாலும் நம்பாதீர்கள், திங்கட்கிழமை தவிர. திங்கட்கிழமை நிஜமாகவே லீவு. தாமரைக் கோயிலும் அன்று கிடையாது. குதுப்மினாருக்கு வார விடுமுறை இல்லை, ஆகவே திங்களன்று போய் இறங்குகிறவர்கள் அங்கிருந்து ஆரம்பிக்கலாம். மெட்ரோவில் மஞ்சள் லைன். குதுப்மினார் என்று பெயர் வைத்த ஸ்டேஷன் மினார் வாசலில் இல்லை, இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும். ரயில் போகிற திசையில் முதல் பெட்டி பெண்களுக்கானது. மனைவியின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஏறுகிற அன்பான கணவன்மார்கள் அபராதம் கட்டுவார்கள்.

கடைசியாக, புதுசாகக் கல்யாணமானவர்கள் முதல் நாளே சமாதிக்குப் போகக்கூடாது, அதனால் ஹுமாயூன் கல்லறை வேண்டாம் என்கிறார்கள். இதைச் சொல்கிற அதே வாய்தான் மறுநாள் ஆக்ராவுக்கு டிக்கெட் போட்டாச்சா என்று கேட்கிறது. தாஜ்மஹால் என்னவாம், கல்யாண மண்டபமா? ஹுமாயூன் கல்லறை, கணவனுக்காக மனைவி எழுப்பியது. தாஜ்மஹாலுக்கு அறுபது வருஷம் மூத்தது. ஹாஜி பேகம் என்ற அந்த அம்மாளைப் பற்றி ஒருவரும் ஃபார்வேர்டு அனுப்புவதில்லை. மத்தியானம் குதுப் வளாகத்தை முடித்துக்கொண்டு, வெயில் தாழ்ந்ததும் அங்கே போங்கள். நாலு தோட்டங்களுக்கு நடுவில், சிவப்புக் கல்லில் வெள்ளைப் பளிங்கு பதித்த கட்டடம். கூட்டம் தாஜ் அளவுக்கு இருக்காது, உட்கார்ந்து பேச இடம் கிடைக்கும். ஹஸ்ரத் நிஜாமுதீன் ஸ்டேஷனும் பக்கம்தான். ஆக்ராவுக்குக் கதிமான் எக்ஸ்பிரஸ் காலையில் அங்கிருந்துதான் புறப்படுகிறது. மறுநாள் வெள்ளிக்கிழமையாக இருந்தால் மட்டும் ஆக்ராவை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். அன்று தாஜும் மூடியிருக்கும், கதிமானும் ஓடாது.