கை நாடியும் இதய நலமும்

மாரடைப்பு என்பது வயது முதிர்ந்தோர்க்கும், புகைப்போர்க்கும், நீரிழிவு உடையோர்க்குமே உரியது என்னும் எண்ணம் நம் சிற்றூர்களில் வேரூன்றியுள்ளது. இளம்பெண்களின் இதயத்தைத் தாக்கும் நோயொன்றும் உண்டு. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஊராட்சி அன்பர்களும் உழவர் பெருமக்களும் அதனை அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இதனை எழுதுகின்றோம்.

தகாயாசு நோய் என்பது அதன் பெயர். மிகிதோ தகாயாசு என்னும் ஜப்பானியக் கண் மருத்துவர் 1908-ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். பெரும்பாலும் 40 வயதிற்குட்பட்ட பெண்களுக்கே இது தோன்றுகின்றது. அரிய நோயே, எனினும் நம் நாட்டிற்குப் புதியதன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல்லாண்டுகளாக இதற்குச் சிகிச்சை அளிக்கப்படுகின்றது. இது தொற்று நோயன்று. ஆதலின் நோயுற்றவரை ஒதுக்குதல் தகாது.

இதயத்தினின்று புறப்படும் பெருந்தமனியும் அதன் கிளைகளும் வாய்க்கால்களை ஒத்தவை. உடலின் எதிர்ப்பாற்றல் பிறழ்ந்து இக்குழாய்களின் சுவரையே தாக்குங்கால், சுவர் அழற்சியுற்றுத் தடித்து, உள்வழி குறுகுகின்றது. கரை சரிந்த வாய்க்காலின் கடைமடைக்கு நீர் எட்டாததுபோல, கைக்குச் செல்லும் இரத்தம் குறைகின்றது. களை வெட்டும்போதும், மக்காச்சோளக் கதிர் ஒடிக்கும்போதும் ஒரு கை மட்டும் விரைவில் சோர்ந்து வலிக்கும், ஓய்ந்தால் தணியும். மணிக்கட்டில் நாடி தளரும். சிலருக்குத் தென்படவே செய்யாது. நீடித்த காய்ச்சல், உடல் மெலிவு, தலைச்சுற்றல், பார்வை மங்கல் ஆகியவையும் வரலாம்.

இதயத்திற்கு இடர் மூன்று வழிகளில் நேர்கின்றது. சிறுநீரகத்திற்குச் செல்லும் தமனி குறுகினால் இரத்த அழுத்தம் உயர்ந்து இதயத்தின் சுமை பெருகும். பெருந்தமனியின் அடிப்பகுதி விரிந்தால் வால்வு சரிவர மூடாது இரத்தம் பின்னோக்கி ஒழுகும். இதயத்திற்கே இரத்தம் ஊட்டும் குழாயின் வாய் குறுகினால் மாரடைப்பு நேரும்.

இங்கு ஒரு நுட்பத்தை நினைவிற் கொள்ளல் வேண்டும். குழாய் குறுகிய கையில் அளந்தால் இரத்த அழுத்தம் குறைவாகவே காட்டும். உண்மையான உயர் அழுத்தம் மறைந்து நிற்கும். ஆகவே, 2021 முதல் நடைபெறும் மக்களைத் தேடி மருத்துவத் திட்டப் பணியாளர் இல்லம் வரும்போது, மேற்கூறிய குறிகள் உடைய பெண்கள் இரு கைகளிலும் அளக்கக் கேட்டுக்கொள்வாராக. இரு அளவுகளும் 20 புள்ளிக்கு மேல் வேறுபட்டாலும், நாடி தென்படாவிடினும், தாமதமின்றி அரசு மருத்துவரை நாடுதல் வேண்டும். இரு கைகளுமே பழுதுற்றிருப்பின் மருத்துவர் காலில் அளந்து அறிவார்.

அழற்சியை அடக்கும் மருந்துகள் உள்ளன. சற்று நலம் தோன்றியதும் ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமே நிறுத்துதல் பேராபத்து. உப்பைக் குறைத்தலும், புகையிலையை அறவே விலக்குதலும் வேண்டும். கருவுற எண்ணுவோர் முன்னரே மருத்துவரிடம் கூறல் இன்றியமையாதது.

இந்நோயுள்ள பெண்ணுக்கு நெஞ்சுவலி எனில், வாயுத் தொல்லை என்று கசாயம் கொடுத்துக் காலத்தைப் போக்கலாகாது. உடனே 108-ஐ அழைத்தல் வேண்டும்.

வரும் கிராமசபைக் கூட்டத்தில் இச்செய்தியை எடுத்துரைப்போமாக. ஒரு கை ஓய்ந்தது என்று ஒரு பெண் கூறும் சொல்லைச் சோம்பல் எனத் தள்ளாது, அவள் நாடியைத் தொட்டுப் பார்ப்பதே நாம் செய்யும் முதல் உதவியாகும்.