அடுத்த வாரமும் அவள் கிரவுண்டுக்கு வரவேண்டும்

தங்கச்சி, அல்சூர்ப் பெண்கள் டீமுக்கு மேனேஜராக ஒப்புக்கொண்டேன் என்று நீ போனில் சொன்னதும் எனக்குக் கௌதமபுரம்தான் ஞாபகம் வந்தது. பீலேவுக்குச் சிலை வைத்த இடம். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் இந்தியாவுக்கு முதல் கோல் போட்ட ராமன் நம்ம பெங்களூர்க்காரர் என்று அப்பா சொல்வாரே. 1962 ஜகார்த்தாவில் தங்கம் வாங்கிய அணியில் இருந்த அருமைநாயகத்தைப் பற்றியும் மணிக்கணக்காகப் பேசுவார். அந்தப் பேச்சில் ஒரு பெண்ணின் பேர் வந்ததே இல்லை. இன்றைக்கு அதே தெருப் பெண்கள் பூட்ஸ் பையோடு நடந்து போகிறார்கள். அவர்களை உன் கையில் கொடுத்திருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஏழு வருஷம் இந்த வேலையைப் பார்த்தேன். நன்றாக ஆடிக்கொண்டிருந்த எத்தனையோ பெண்கள் பதினாலு, பதினைந்து வயதில் நின்றுபோனார்கள். ஒருத்திகூட ஆட்டம் பிடிக்காமல் நின்றதில்லை. இருட்டு, பஸ், பாத்ரூம், வீட்டில் யாரோ சொன்ன ஒரு வார்த்தை, இவைதான் காரணம். கோச் ஆட்டத்தைப் பார்த்துக்கொள்வார். மற்றதெல்லாம் உன் வேலை.

முதலில் நேரம். நவம்பர், டிசம்பரில் இங்கே ஆறு மணிக்கு முன்னாலேயே சூரியன் இறங்கிவிடும். ஜூலையில் போட்ட ‘அஞ்சரை முதல் ஏழு’ என்கிற டைம்டேபிளை நவம்பரிலும் வைத்துக்கொண்டிருந்தால் அம்மாக்கள் ஒவ்வொருவராக அனுப்புவதை நிறுத்துவார்கள். உன்னிடம் காரணம் சொல்லமாட்டார்கள். ‘டியூஷன் இருக்கு’ என்பார்கள். குளிர்காலத்தில் பிராக்டிஸைக் காலைக்கு மாற்று. முடியாவிட்டால் ஒரே வழியில் போகிறவர்களை மூன்று மூன்று பேராகச் சேர்த்து அனுப்பு, கடைசிப் பெண் வீடு போய்ச் சேர்ந்தேன் என்று சொல்கிறவரைக்கும் உன் போன் உன் கையில் இருக்கட்டும். மே மாதச் சாயங்கால மழையிலும் இதே முறைதான். ‘இன்று பிராக்டிஸ் இல்லை’ என்பதை நாலு மணிக்கே சொல்லிவிடு, பெண் பஸ் ஏறிய பிறகு சொல்லாதே.

பஸ் என்றதும் சொல்கிறேன். 2023 ஜூன் 11 முதல் சக்தி திட்டத்தில் கர்நாடகப் பெண்களுக்கு அரசு சாதாரண பஸ்ஸில் டிக்கெட் இலவசம். நம்ம மாதிரி கிளப்புக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று கணக்குப் போட்டால்தான் தெரியும். ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். நம்ம டீமில் பாதிப் பேரின் ஆதார் இன்னும் திருப்பத்தூர், வேலூர், கிருஷ்ணகிரி முகவரியில்தான் இருக்கும். சீசன் தொடங்கும் முன்பே ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து யார் யார் மாற்றவேண்டும் என்று பட்டியல் எடு.

ஆதாரை எடுத்த கையோடு பேரையும் பார். இது நம்ம குடும்பங்களுக்கே உள்ள சிக்கல். பள்ளிக்கூடத்தில் ஒரு இனிஷியல், ஆதாரில் அப்பா பேர் முழுசாக, பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்து. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஆன்லைன் பதிவில் மூன்றும் ஒன்றாக இல்லாவிட்டால் விண்ணப்பம் நின்றுவிடும். கடைசி நாளுக்கு முந்தின நாள் உட்கார்ந்தால் சரிசெய்ய வழியே இருக்காது. எனக்கு அது நடந்தது. என் தாமதத்தால் ஒரு கீப்பர் முழு சீசனும் பெஞ்சுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். இன்றைக்கும் அவளை நேரில் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். நீ இரண்டு மாசம் முன்னாலேயே தொடங்கு. எண்ணிக்கையிலும் கை தளராதே. ஏழு பேருக்குக் குறைந்தால் மேட்ச் நடக்காது என்பது விதி. பரீட்சை மாசத்திலும் ஊர்த் திருவிழாவிலும் பதினாலு பேர் உள்ள டீம் எட்டாகிவிடும். இருபது பேரையாவது பதிவுசெய்து வை.

நகை விஷயத்தை அம்மாக்களிடம் நீயே நேரில் பேசு. மேட்ச்சில் எந்த நகையும் கூடாது, டேப் ஒட்டி மறைத்தாலும் ரெஃப்ரி விடமாட்டார். புதுசாக மூக்குக் குத்தினால் கொஞ்ச நாளைக்குக் கழற்ற முடியாது. அதனால் சீசன் முடிந்த பிறகு குத்திக்கொள்ளச் சொல். கல்யாணமான பெண் டீமில் இருந்தால் தாலி விஷயத்தை அவளோடு தனியாக உட்கார்ந்து பேசு, எல்லோர் முன்னாலும் கேட்காதே. தலையை மூடிக்கொண்டு ஆட விரும்பும் சிவாஜிநகர்ப் பெண்களின் வீட்டுக்கு ஒரு நல்ல சேதி சொல்லலாம்: அதற்கு 2014 முதல் உலக விதியே அனுமதிக்கிறது. பின் குத்தாத, ஜெர்சி நிறத்துக்குப் பொருந்துகிற துணியாக இருந்தால் போதும்.

இனி பாத்ரூம். கிரவுண்ட் பார்க்கப் போகும்போது புல்லையும் கோல் போஸ்ட்டையும் அப்புறம் பார். முதலில் பாத்ரூமைத் திறந்து பார்: தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, பல்பு எரிகிறதா, குப்பைத் தொட்டி உண்டா. வாடகை மலிவு என்று பாத்ரூமே இல்லாத ஒரு கிரவுண்டை நாங்கள் ஒரு வருஷம் எடுத்தோம். பெண்கள் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வந்தார்கள். அது எனக்குத் தெரியவே மூன்று மாசம் ஆனது. தலைசுற்றல், நீர்க்கடுப்பு என்று லீவு போட்ட பிறகுதான் கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

வெள்ளை ஷார்ட்ஸ் வாங்காதே. ஸ்பான்சர் இலவசமாகத் தந்தாலும் நிறத்தை மாற்றித் தரச் சொல். மாதவிடாய் நாளில் வெள்ளை ஷார்ட்ஸோடு ஓடுகிற பெண்ணுக்குப் பந்தில் பாதிக் கவனம்தான் இருக்கும். இங்கிலாந்து பெண்கள் அணியே 2023இல் வெள்ளையை விட்டு நீலத்துக்கு மாறியது, வீராங்கனைகள் வாய்விட்டுக் கேட்ட பிறகு. நம்ம பெண்கள் கேட்கமாட்டார்கள். நீயாகவே கறுப்போ கருநீலமோ எடு. பையில் பேட், ஒரு மாற்று ஷார்ட்ஸ், பழைய செய்தித்தாள், ஐஸ் எப்போதும் இருக்கவேண்டும். அவை எங்கே இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியவேண்டும், உன்னிடம் வந்து கேட்க வைக்காதே.

உடம்பைப் பற்றி இரண்டு விஷயம். ஒன்று ரத்தம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டாம் பாதியில் மூச்சு வாங்குகிற பெண்ணைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்து. முதலில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல். கீரையும் ராகியும் சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல், சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளட்டும். பிராக்டிஸ் முடிந்ததும் வாழைப்பழமும் கடலைமிட்டாயும் கிளப் செலவில் கொடு. வேறு எந்தச் செலவைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதே.

இன்னொன்று முழங்கால். முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் அறுந்துபோகும் ஆபத்து பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம். அது போனால் ஒரு வருஷம் போகும். நம்ம மாதிரி வீடுகளில் ஆட்டமே போய்விடும், ஆபரேஷனுக்குப் பணம் எங்கே? ஃபிஃபாவின் ‘லெவன் பிளஸ்’ என்ற வார்ம்-அப் முறை இருக்கிறது, இருபது நிமிஷம்தான். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் 1,892 பேரை வைத்துச் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், அதைச் செய்த கிளப்புகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன, கடுமையான காயங்கள் பாதியளவு குறைந்தன. காசே செலவில்லாத மருந்து இது. கோச் அவசரப்பட்டு ‘ரெண்டு ரவுண்டு ஓடுங்க போதும்’ என்றால் நீ விட்டுக்கொடுக்காதே.

இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன், நீயும் நிதானமாகப் படி. எந்தக் கோச்சும் எந்தப் பெரியவரும் ஒரு பெண்ணோடு தனியாக இருக்கக் கூடாது. வண்டியில் தனியாக ஏற்றக் கூடாது, தனி வாட்ஸ்அப் கூடாது. எதுவானாலும் அம்மாவும் இருக்கும் குரூப்பில்தான். வெளியூர் மேட்ச்சுக்கு ஒரு பெண் பொறுப்பாளர் இல்லாமல் பஸ் கிளம்பக் கூடாது. 2022இல் 17 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்கள் அணியின் ஐரோப்பியப் பயணத்திலேயே ஓர் உதவிப் பயிற்சியாளர் தவறான நடத்தைக்காக நீக்கப்பட்டார். இவர் நல்லவர், நமக்குப் பல வருஷமாகத் தெரிந்தவர் என்று யாருக்கும் விதிவிலக்கு கொடுக்காதே. பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்ணிடம் யாராவது தவறாக நடந்தது உனக்குத் தெரிந்தால், கிளப் பேர் கெடும் என்று மூடிவைப்பது போக்சோ சட்டப்படி உன் குற்றமாகிவிடும். 1098ஐ எல்லாப் பெண்களின் போனிலும் பதிவுசெய்து கொடு.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வரவுசெலவு நோட்டை எந்த அம்மா கேட்டாலும் காட்டு, அது போதும்.

அம்மாக்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: ‘ஆடி என்ன ஆகப்போகுது?’ இதற்குப் பொய் சொல்லாதே. எல்லோரும் இந்தியாவுக்கு ஆடமாட்டார்கள். நடந்ததைச் சொல். இந்திய மகளிர் லீக் 2016-17இல்தான் தொடங்கியது. மூன்றாவது சீசனில் மதுரை சேது எஃப்.சி. கோப்பையை வாங்கியது. 2020 பிப்ரவரியில் அந்த லீக்கின் இறுதி ஆட்டம் நம்ம அசோக்நகர் ஸ்டேடியத்தில்தான் நடந்தது, கோகுலம் கேரளா 3-2 என்று ஜெயித்தது. நம்ம ஊர் கிக்ஸ்டார்ட் 2023 மே மாதம் இறுதி ஆட்டம் வரை போனது. அந்த லீக் கிளப்புகள் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு வருஷத்துக்கு 3.2 லட்சத்துக்குக் குறையாமல் ஒப்பந்தம் போடவேண்டும் என்று கூட்டமைப்பு 2023இல் அறிவித்தது. கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கும் ஆடி, தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராகவும் ஆனவர். இதைச் சொன்னால் அம்மாக்கள் யோசிப்பார்கள்.

அப்பாக்கள் யாராவது ‘பொண்ணுங்களுக்கு எதுக்கு இது’ என்றால், இங்கிலாந்தில் 1921இல் இதையேதான் சொன்னார்கள் என்று சொல். கிளப் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று போட்ட தடை ஏறத்தாழ ஐம்பது வருஷம் நீடித்தது. பக்கத்து வேல்ஸிலும் தடைதான். பெங்களூரின் ஜனத்தொகையில் பாதிகூட இல்லாத அந்த நாட்டுப் பெண்கள் 2025இல் முதல்முறையாக ஐரோப்பியக் கோப்பையில் ஆடினார்கள். அதே 2025 ஜூலை 5இல் நம்ம பெண்கள் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதிபெற்றார்கள். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர் போட்டது. அந்த மேட்ச்சின் வீடியோவைப் பெண்களை உட்காரவைத்துக் காட்டு, அப்பாக்களையும் கூப்பிடு.

ஞாயிறு காலை ஆறரைக்கு நான் வருகிறேன். என் பழைய கிட் பை பரணில் இருக்கிறது, ஜிப் மட்டும் மாற்றவேண்டும். கறுப்பு ஷார்ட்ஸ் தைக்கச் சிவாஜிநகரில் எனக்குத் தெரிந்த டெய்லர் ஒருவர் இருக்கிறார். இருபது பேரின் இடுப்பளவையும் வியாழக்கிழமைக்குள் எழுதி அனுப்பு.